டிரையல் ரூமில் நின்ற பத்து நிமிடம்

பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு கடை இருக்கிறது. நைட்டி, உள்பாவாடை, ரெடிமேட் பிளவுஸ், கொஞ்சம் சுடிதார். கார்மென்ட்ஸில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்கள்தான் பெரும்பாலும் வாங்குகிறவர்கள். ஆரம்பத்தில் கல்லா மேஜையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டை என் கணவருடைய நம்பரில் இருந்தது. அவர் பொம்மசந்திராவில் ஒரு பாக்டரியில் வேலை செய்கிறார். யாராவது பணம் போட்டுவிட்டுப் போனை நீட்டிக் காட்டினால், நான் அவரைக் கூப்பிட்டு "வந்துச்சா?" என்று கேட்க வேண்டும். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. நான் மறுபடி கத்துவேன். வாங்கினவள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இப்படியே போய், ஒருநாள் சூப்பர்வைசர் அவரைத் திட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "உன் பேர்லயே ஒண்ணு வாங்கிக்கோ, என்னால முடியல" என்றார்.

வாட்ஸ்அப்பில் படம் பார்த்து ஆர்டர் சொல்கிறவர்களும் அப்போது சேர்ந்துகொண்டிருந்தார்கள். "லிங்க் அனுப்புங்க அக்கா, பணம் போட்டுடறேன்" என்பார்கள். எனக்கு லிங்க் என்றால் என்னவென்றே தெரியாது. நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கழுத்தில் கார்டு மெஷின், கியூஆர் அட்டை விற்கும் ஒரு கம்பெனியின் அடையாள அட்டை, தோளில் கனமான பை. ஓசூர்ப் பக்கத்துத் தமிழ், நடுநடுவே கன்னடம். வந்ததும் விற்க ஆரம்பிக்கவில்லை. தயங்கித் தயங்கி, "அக்கா, பாத்ரூம் இருக்கா? காலைலேர்ந்து சுத்திட்டிருக்கேன்" என்று கேட்டாள். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. காட்டினேன். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு நைட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து, "நீங்க வாட்ஸ்அப்ல அனுப்பற லிங்க்க தொட்டு ஒருத்தங்க இதுக்குப் பணம் போடறாங்கன்னு வச்சுக்குங்க. நூறு ரூபாய்க்கு ரெண்டு ரூபா கம்பெனி புடிச்சுக்கும். அந்த ரெண்டு ரூபாய்க்கு வரி வேற. மிச்சம் மறுநாள் உங்க பேங்க்குக்கு வரும். அவங்க திருப்பிக் குடுத்தா முழுப் பணமும் போயிடும், நம்மகிட்ட புடிச்சது திரும்ப வராது" என்றாள்.

"அப்போ நஷ்டம்தானே?"

"ஆமா அக்கா, நஷ்டம்தான். அளவு சரியா கேட்டு அனுப்புங்க. இன்னொண்ணு, கார்டு மெஷினுக்கு மூணு மாசம் கழிச்சு வாடகை உண்டு. சில பேர் இத சொல்ல மாட்டாங்க. நான் சொல்லிடறேன்."

மூன்று முறை வந்தாள். கடைசி முறை மதியம் இங்கேயே சாப்பிட்டாள். டப்பாவில் எலுமிச்சைச் சாதம், எனக்கும் ஒரு பிடி வைத்தாள். கடை ஒப்பந்தம், பான் கார்டு, குறுக்கே கோடு போட்டுக் கேன்சல் செய்த செக், போர்டின் போட்டோ எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கிளிப் போட்டாள். பான் கார்டில் என் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, பேங்க் பாஸ்புக்கில் வெறும் இனிஷியல். அதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். "இது பின்னாடி தொல்ல குடுக்கும் அக்கா. ரெண்டு பேரும் ஒரே ஆளோடதுன்னு பேங்க்ல ஒரு லெட்டர் வாங்கணும். திங்கக்கெழம நானே கூட வரேன், அதுக்கப்புறம் பேப்பர் போடலாம். ஞாயித்துக்கெழமயே மெஷின் கொண்டாந்து செட் பண்ணி வச்சுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை வேறொரு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, காரில் வந்தார், இங்கிலீஷில் பேசினார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காதில் விழுந்தது "ஃப்ரீ" என்ற சொல் மட்டும்தான். மெஷின் ஃப்ரீ, பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டி ஃப்ரீ. இனிஷியல் விஷயத்தைக் கேட்டேன். "நோ பிராப்ளம் மேடம்" என்றார்.

என்னை அவர் மேடம் என்று கூப்பிட்டார். அவளோ அக்கா என்றாள். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான். அவள் என்னைப் போலவே பேசினாள், என்னைப் போலவே பஸ்ஸில் வந்தாள். அதனாலேயே அவள் கம்பெனி சின்னக் கம்பெனி என்று நினைத்துவிட்டேன். அவள் கிளிப் போட்டு வைத்த அதே காகிதக் கட்டை எடுத்து அவரிடம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன்.

அவளுக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை முழுக்கச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கணவரும் கடையில் இருந்தார். சந்து முனையில் அவள் வருவதைப் பார்த்தேன், கையில் மெஷின் பெட்டி. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள், "நான் இல்லன்னு சொல்லிடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு டிரையல் ரூமுக்குள் புகுந்து திரையை இழுத்துக்கொண்டேன்.

"அண்ணா, அக்கா இல்லையா?"

"வெளிய போயிருக்கா." அவருக்குப் பொய் சொல்ல வராது. குரலே மாறிப்போனது. "வேற கம்பெனில வாங்கிட்டாம்மா. உன்கிட்ட சொல்லணும்னு இருந்தா."

மெஷின் பெட்டியை மேஜைமேல் வைத்தாள் போல. பிறகு தண்ணீர் கேட்டாள். ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அந்த அறையில் மின்விசிறி கிடையாது. முதுகில் வேர்வை ஓட, கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தன் மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"சார், இவங்களும் வேணாம்னுட்டாங்க சார்... இல்ல சார், நல்லவங்கதான். நான்தான் லேட் பண்ணிட்டேன். பேங்க் லெட்டர் வாங்கிட்டு பேப்பர் போடலாம்னு... ஆமா சார். என் தப்புதான் சார்."

அவள் போன பிறகு என் கணவர் திரையை விலக்கவில்லை. வெளியிலிருந்தே, "போயிட்டா. வா" என்றார். நான் வந்ததும், "இனிமே என்ன இப்படி பேச வெக்காத" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே ஓடியது. தீபாவளிக்கு முந்தின வாரம், லிங்கில் நிறைய ஆர்டர் வந்துகொண்டிருந்தபோது, பணம் பேங்குக்கு வருவது திடீரென்று நின்றது. இங்கிலீஷில் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. கம்பெனி நம்பரைக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. சட்டைக்காரர் தன்னை வேறு ஏரியாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல் அவள் நம்பரை அழுத்தினேன்.

"சொல்லுங்க அக்கா" என்றாள். குரலில் ஒன்றுமே காட்டவில்லை.

மெசேஜை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே, "இனிஷியல்தான் அக்கா" என்றாள். பேங்கில் யாரிடம் என்ன கேட்க வேண்டும், லெட்டரில் இரண்டு பெயரும் எப்படி இருக்க வேண்டும், அதைப் போனில் எங்கே ஏற்ற வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். எல்லாம் ஐந்தே நிமிடம்.

"வேற ஏதாவது இருக்கா அக்கா?"

"இல்லம்மா. ரொம்ப..." நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு டிரையல் ரூம்லதான இருந்தீங்க?"

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் என்று ஒரு பொய் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் "ஆமா" என்றுதான் சொன்னேன்.

"திரைக்குக் கீழ கால் தெரிஞ்சுது, மெட்டியோட" என்றாள். "வேணாம்னு நேரா சொல்லியிருக்கலாம் அக்கா. ஒரு நாளைக்கு பத்து பேர் சொல்லுவாங்க. அது எனக்கு பழக்கம். ஒளிஞ்சுக்கிட்டவங்க நீங்க ஒருத்தங்கதான்."

மன்னித்துக்கொள் என்றேன். அவள் கம்பெனிக்கே மாறிக்கொள்கிறேன், இன்றைக்கே வா என்றேன். "நான் அந்த வேலைய விட்டுட்டேன் அக்கா. எலெக்ட்ரானிக் சிட்டில ஒரு மெடிக்கல்ல இருக்கேன். நீங்களும் மாத்தாதீங்க, பேங்க் லெட்டர் குடுத்தா இதுவே ஓடும். மாத்துனா திரும்ப முதல்லேர்ந்து அலையணும்" என்றாள். வேலையை ஏன் விட்டாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

லெட்டர் கொடுத்து நான்காவது நாள் பணம் வந்துவிட்டது. அவளுக்கு இரண்டு நல்ல காட்டன் நைட்டி எடுத்து வைத்து, விலாசம் கேட்டு மெசேஜ் போட்டேன். "கடைக்கு வரப்ப வாங்கிக்கறேன் அக்கா" என்று பதில் வந்தது. இதுவரை வரவில்லை.

இப்போது கடைக்கு யார் என்ன விற்க வந்தாலும் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வேண்டாம் என்றால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன். அரை நிமிட வேலைதான் அது. ஒவ்வொரு முறையும் கண் மட்டும் அந்த டிரையல் ரூம் திரைப் பக்கம் போய்விட்டு வரும்.

புதுச் சரக்கு வந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுகிறேன். யார் யார் பார்த்தார்கள் என்று அதில் காட்டும். பெரும்பாலும் அவள் பெயரும் இருக்கும். பார்த்திருப்பாள், ஒன்றும் எழுதியிருக்க மாட்டாள்.