ராணி இல்லாத பாதி

தங்கச்சியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை மூடி மறைக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. அவள் நட்டது முளைக்கும், சொன்னது எடுபடும். அம்மா கடைசிவரை அவளைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டாள். என்னைப் 'பெரியவளே' என்பாள், அதுவும் வேலை ஏவுகிறபோது.

அம்மா போனதும் வீட்டை இரண்டாக்கினோம். "ஆறு பிரிஞ்சா ரெண்டு கரைக்கும் தண்ணி, கிளை பிரிஞ்சா ரெண்டு பக்கமும் நிழல்" என்று எதிர்வீட்டு வாத்தியார் ஆறுதல் சொன்னார். அவருக்கென்ன, ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர். எங்கள் வீடு பிரிந்ததில் காற்று வருகிற ஜன்னல் அவள் பக்கம் போயிற்று, அடைத்துக்கொள்கிற சாக்கடை என் பக்கம் வந்தது.

மிச்சம் இருந்தது அம்மாவின் தேன்பெட்டி. தையல் மெஷினில் உட்காருவதற்கு முன் காலையில் அதைப் பார்த்துக்கொண்டது நான்தான். அதனால் பிரிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. புகை போட்டு, தேனடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பாதியை அவள் பெட்டிக்கு மாற்றினேன். ராணித் தேனீ என் பாதியில் இருந்தது. அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

முட்டை இருந்தால் தேனீக்களே புது ராணியை வளர்த்துக்கொள்ளும், எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை கூடு இளைக்கும். அந்த ஒரு மாதம் அவள் என் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் என் ஆசை.

பெட்டியை அவள் தன் வீட்டுக்காரரின் தோட்டத்தில், ஊருக்கு வெளியே வைத்தாள். நான் காத்திருந்தேன். வரவேயில்லை. நேரில் போய்க் கேட்க மானம் விடவில்லை; பொறுக்கமாட்டாமல் போன் போட்டேன்.

"பெட்டி எப்படிடி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"சந்தேகம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா."

அடுத்த வருஷம் என் ராணிக்கு வயதாகிவிட்டது. முட்டை குறைந்தது, பிறகு ராணியையே காணோம். புது ராணி வளர்க்க முட்டையுள்ள ஓர் அடையாவது வேண்டும். இல்லையென்றால் அம்மாவின் பெட்டி என் கையில் செத்துப்போகும். யாரிடம் போய் நிற்பது? மானத்தைச் சுருட்டி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.

அவள் பெட்டியைத் திறந்தாள். ஊசி குத்த இடமில்லாமல் தேனீ. எனக்கு நெஞ்சு காந்தியது.

"முட்டை அடைதானேக்கா வேணும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இல்லேன்னா நீ இங்க வருவியா?"

சிரித்தாள் பாருங்கள், அதில் எனக்கு எல்லாம் உடைந்துவிட்டது. "ராணி இல்லாத பாதியைத்தான்டி உனக்குக் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்!"

"தெரியும். வந்த அன்னைக்கே அடை அடையாத் தேடிப் பாத்துட்டேன்."

"அப்ப ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்ப. அப்புறம் வெக்கத்துல என் முகத்துல முழிச்சிருக்க மாட்ட. ராணியை வளத்துக்கலாம். அக்காவுக்கு எங்க போறது?"

கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அடையை ஈரத்துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். பாவி, இப்படியொரு நல்ல மனசு! இதிலாவது எனக்குப் பாதி வந்திருக்கக் கூடாதா?