வர்ணப் படம் பார்க்காத நைனா

எங்கள் வீட்டில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சந்தேகப் பிராணி. பெயருக்கு ஏற்றபடிதான் நானும் நடந்துகொண்டேன். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலால் தொட்டுப் பார்ப்பேன். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் வயிறு வலிக்கிறது என்றால், எந்தப் பக்கம் என்று கேட்பேன். சினிமாவில் கதாநாயகன் அழும்போது கொட்டகையே சேர்ந்து மூக்கைச் சிந்தும். நான் மட்டும் அந்தக் கண்ணீர் எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அது கிளிசரின் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து எந்த நடிகரையும் நான் முழுதாக நம்பியதில்லை.

நைனா இதற்கு நேர் எதிர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. தறியில் உட்கார்ந்த ஆண்களில் சினிமாப் பைத்தியம் பிடிக்காதவரும் கிடையாது. பெரிய நடிகர்கள் இரண்டு பேர், ஆகையால் தெருவும் இரண்டு கட்சி. நைனாவின் ஆள் முகத்தாலேயே பேசுகிறவர். அவர் புருவத்தைத் தூக்கினால் இங்கே நைனாவின் புருவமும் தூக்கிக்கொள்ளும். அவர் படத்தில் செத்துப்போனால் நைனா அன்றைக்கு ராத்திரிச் சோறு சாப்பிடமாட்டார்.

அப்படிப்பட்டவர், அதே நடிகர் வர்ணப் படங்களில் வரத் தொடங்கியதும் கொட்டகைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். கட்சி மாறிவிட்டார் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அது அந்த நாளில் சின்னக் குற்றம் இல்லை. டீக்கடையில் மடக்கிக் கேட்டவர்களிடம் அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"கலர் வந்துச்சு, மூஞ்சி போச்சு. இப்ப எல்லாரும் சட்டையத்தான் பாக்கறானுங்க."

எல்லோரும் சரிதான் என்று தலையாட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வர்ணப் படத்துக்குப் போய்விட்டு வந்து கதையைப் பேசமாட்டார்கள். கதாநாயகி எத்தனை புடவை மாற்றினாள், எந்த நிற உடலுக்கு எந்தக் கரை என்றுதான் சண்டை போடுவார்கள். ஆகவே நைனா சொன்னது அவர்களுக்கு உறைத்திருக்கும். எனக்குத்தான் மூக்கில் வியர்த்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஏதாவது திரும்ப வந்தால் மட்டும் மாலைக் காட்சிக்கு முதல் ஆளாக நிற்கிறார். பட்டு நெய்து சாப்பிடுகிற மனிதருக்கு நிறத்தின்மேல் என்ன கோபம்?

அடுத்த சந்தேகம் தறியைப் பற்றியது. அந்த வருடங்களில் எங்களுக்குக் கட்டம் போட்ட புடவைகள்தான் அதிகம் வந்தன, அரக்கும் இலைப்பச்சையும் மாறி மாறி வருகிற கட்டம். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற மரக்கட்டைக்கு நாடா என்று பெயர். அரக்கு நூல் சுற்றிய நாடா ஒன்று, பச்சை நூல் சுற்றிய நாடா ஒன்று. இந்த இரண்டையும் கணக்காக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். நைனா தறிக் குழியில் காலை வைத்து நெய்வார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்குத் தனி நாடாவை வீசுவாள், நிறம் மாறும் இடத்தில் அடுத்த நாடாவை எடுத்து அவர் கையில் கொடுப்பாள். கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை சொல்வாள். "ஹீரோ" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "வில்லன்" என்பாள். நாள் முழுக்க ஹீரோவும் வில்லனும் வந்து போய்க்கொண்டிருப்பார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் சினிமா பேசிக்கொள்கிறார்கள் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. அம்மா படத்துக்குப் போய் வருடக்கணக்காயிற்று. யார் இந்த வில்லன்? எங்களுக்கு நூல் கொடுத்து நெய்யவைக்கிற முதலாளியின் மேஸ்திரி வாரம் ஒரு முறை வந்து தறியைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் இருக்கும்போது மட்டும் இரண்டு பேருமே வாயைத் திறப்பதில்லை. அம்மா ஏதோ சாக்குச் சொல்லி நைனாவை எழுப்பி அனுப்பிவிடுவாள், இல்லாவிட்டால் கட்டம் முடிந்து ஒரே நிறத்தில் வெறும் உடல் ஓடுகிற நேரமாகப் பார்த்துக்கொள்வாள். ஆகவே மேஸ்திரிதான் வில்லன் என்று நான் முடிவுகட்டினேன். அவர் வந்தால் முறைத்துப் பார்ப்பேன். ஒருமுறை அவர் செருப்பைத் தூக்கி வாசல் சாக்கடையோரம் வைத்துவிட்டு வந்தேன்.

மெட்ராஸில் டி.வி. வந்த புதிதில் முதலாளி வீட்டில் ஒரு பெட்டி வாங்கினார்கள். மரக் கதவு போட்டு, பூட்டுச் சாவியோடு வந்த பெட்டி. மொட்டைமாடியில் கம்பத்துக்குமேல் கம்பம் வைத்து ஆன்டெனாவைக் கட்டியும், படம் பாதி நேரம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் சிறுவர் நிகழ்ச்சி. அதற்கு மட்டும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார விடுவார்கள். உயரமான ஆள் என்பதால் நைனாவைக் கம்பத்தைத் திருப்பக் கூப்பிட்டார்கள். திருப்பிவிட்டுக் கீழே வந்தவர், பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் தவறவில்லை.

அந்த நிகழ்ச்சியில் பொம்மைகள் வந்து சண்டை போடும், யாராவது பாட்டுப் பாடுவார்கள், கடைசியில் ஓர் அக்கா வந்து காகிதம் மடித்துக் காட்டுவார். அவர் பாட்டுக்குச் சிவப்புக் காகிதம் எடுத்துக்கோங்க, அதன்மேல் பச்சையை ஒட்டுங்க என்று சொல்லிக்கொண்டே போவார். பெட்டியில் எல்லாமே சாம்பல் நிறம். அவர் சொல்வதற்குமுன் எந்த நிறம் என்று கண்டுபிடிப்பது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. நாங்கள் குருட்டாம்போக்கில் கத்துவோம். ஒருநாள் நைனா பின்னாலிருந்து மெதுவாக, "செவப்பு" என்றார். அக்காவும் சிவப்பு என்றார். அடுத்தது பச்சை என்றார் நைனா. அதுவும் சரியாகப் போயிற்று.

நாலைந்து வாரம் அவர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. முதலாளியம்மா அடுக்களை வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்க ஆரம்பித்தார். முதலாளி கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், நம்ம நெசவாளி ஒருத்தன் கறுப்பு வெள்ளையிலேயே கலர் சொல்கிறான் என்று பெருமை அடித்துக்கொண்டார். நைனாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் கண்டதில்லை. சந்தோஷப்பட வேண்டிய பெண், எனக்கோ தலை அரித்தது. இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்றுதான் தோன்றியது.

திரும்பி வரும் வழியில் என் சடையை முன்னால் இழுத்துப் போட்டு, ரிப்பன் என்ன நிறம் என்று அவரிடம் கேட்டேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அவர் ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கம்மாவக் கேளு. அவதான வாங்கினா" என்றார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. யோசிக்க யோசிக்க, அவர் வீட்டில் ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லியே நான் கேட்டதில்லை என்று புரிந்தது. பாவாடைத் துணி எடுக்கப் போனால் அம்மாவைக் கேள் என்பார். மாம்பழம் பழுத்ததா என்று கேட்டால் முகர்ந்து பார்ப்பார். ஹீரோ என்றால் அம்மா கொடுப்பது அரக்கு, வில்லன் என்றால் பச்சை. சிவப்பைச் சிவப்பு என்று சொல்ல இவர்களுக்கு என்ன கேடு?

சில நாள் கழித்து ஐயம்பேட்டையில் சித்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஆள் வந்தது. புடவை தறியில் இருக்கும்போது அம்மா ஒரு வேளைகூட வீட்டைவிட்டு நகர்ந்தவள் இல்லை. இந்தமுறை போகாமல் இருக்க முடியாது. மறுநாள் காலையில் மேஸ்திரி வருவார், அதற்குள் கட்டம் முடிந்தாக வேண்டும் என்பதால் தறியையும் நிறுத்த முடியாது. கரை நாடா வீச என்னை உட்காரச் சொன்னாள். கிளம்புவதற்கு முன்னால் இரண்டு நாடாக்களையும் எடுத்து, ஒன்றில் ஒரு முடிச்சும் மற்றதில் இரண்டு முடிச்சும் நூலால் போட்டாள். நைனாவின் கட்டைவிரலைப் பிடித்து அந்த முடிச்சுகளைத் தடவ வைத்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தார்கள்.

நைனா டீ குடிக்க எழுந்து போனபோது நான் முடிச்சுகளை அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எழுதத்தான் ஆசை. அது பொய். அவர்களுடைய குட்டு வெளிப்பட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது.

அவர் வந்து உட்கார்ந்தார். விரலால் முடிச்சைத் தடவி நாடாவை எடுத்தார், ஓட்டினார். அரக்கு வரவேண்டிய இடத்தில் பச்சை ஓடியது. அவர் கண்ணுக்கு நேர் எதிரே, ஒரு முழத்துக்குள்ளே. அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பழைய படப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே அடுத்த நாடாவைத் தடவி எடுத்தார். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் அரக்கு ஏறியது. பலகையை இழுத்து அடித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறதா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதருக்கு அரக்கும் பச்சையும் ஒன்று. பெட்டியில் அவர் எப்படி ஜெயித்தார் என்பதும் பிறகு புரிந்தது: வாழ்நாள் முழுக்க வெளுப்பையும் கறுப்பையும் வைத்தே காகிதத்தையும் காயையும் பழத்தையும் அளந்து பழகிய கண் அது. சாம்பல் நிறம் எங்களுக்குப் புது ஊர், அவருக்குப் பிறந்த ஊர். ஆனால் அரக்குப் பட்டும் இலைப்பச்சைப் பட்டும் ஒரே அடர்த்தி, அங்கே அந்த வித்தை செல்லாது. அங்கே அவருக்கு அம்மாவின் வாய்வார்த்தை ஒன்றுதான் துணை. நிறம் தெரியாத நெசவாளிக்கு இந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்?

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் முடிச்சை மாற்றியது யார் என்ற கேள்வி வரும். நான் வாயை மூடிக்கொண்டு கரை நாடாவை வீசிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வரை வீசினேன்.

அம்மா வந்து வாசற்படியில் நின்றபடியே தறியைப் பார்த்தாள். நேராக வந்து நாடாவைக் கையில் எடுத்தாள், முடிச்சைப் பார்த்தாள். தான் போட்ட முடிச்சு ஒரு பெண்பிள்ளைக்குத் தெரியாதா? அது என் முடிச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"முடிச்ச மாத்திக் கட்டிட்டேங்க. ஊருக்குப் போற அவசரத்துல பாக்கல" என்று அவரிடம் சொன்னாள்.

நைனா துணியைத் தடவினார். விரலுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நெய்ததை இரண்டு பேரும் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்தார்கள். நடுவில் நைனா தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இதுக்கு மின்ன எத்தினி தபா இப்படி ஆயிருக்குது?"

"ஒரு தபாவும் இல்லங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அம்மா அடுத்த இழையைப் பிடித்து இழுத்தாள். அத்தனை வருடமாக அவள் ஹீரோ என்றால் அவருக்கு ஹீரோ, வில்லன் என்றால் வில்லன். அதை ஒருநாள்கூட அவர் திருப்பிக் கேட்டதில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் போதும், எனக்கு நாலு அடி விழுந்திருக்கும், எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். ஆனால் தன் குறை மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியவேண்டியிருக்கும். அது வேண்டாம் என்று அவள் முடிவுசெய்திருக்க வேண்டும். அன்றும் அவள் என்னை எதுவும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

கட்டத்தை எப்படியோ முடித்து மேஸ்திரியிடம் காட்டிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை டி.வி. அக்கா காகிதத்தைத் தூக்கிக் காட்டியதும் பிள்ளைகள் எல்லாம் பின்னால் திரும்பி நைனாவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. முதலாளியம்மா, சொல்லுப்பா என்று சொல்லியும் பார்த்தார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, கண் எரிகிறது என்றார் நைனா. அதற்குப் பிறகு அவர் கம்பத்தைத் திருப்பிவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மா கொல்லையில் இருந்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கினு வருதும்மா. பாவம், சொல்லிக்க மாட்டேங்குறா. அவ நாடாவ எடுக்கும்போது நீ ஒரு பார்வ பாத்துக்கோ. அன்னிக்கு உனக்குக் கணக்கு தெரியாது, இப்ப கேட்டுக்கோ: ஹீரோன்னா செவப்பு, வில்லன்னா பச்ச. நீதான் எதையும் சும்மா நம்ப மாட்டியே."

நான்தான் நைனா செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவர் என்னை அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றேன்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்கு எதிரே புத்தகத்தோடு உட்காருவது என் வேலையாயிற்று. அம்மா நாடாவை எடுத்து, "ஹீரோ" என்பாள். நைனா உடனே கையை நீட்டமாட்டார். அவர் கண் என் பக்கம் திரும்பும். அம்மா என்னைப் பார்க்கமாட்டாள். நான் தலையாட்டும்வரை நாடாவை நீட்டியபடியே இருப்பாள்.