தீவுக்கு வந்த அண்ணாச்சி

எழுபதுகளின் நடுவில், மூணாறுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் என் கணவர் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அப்போது நாங்கள் ஒரு தீவில் குடியிருந்தோம். அணை கட்டியபோது எஸ்டேட்டின் தாழ்ந்த சரிவுகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட, ஒரு மேடு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன்மேல் கொஞ்சம் தேயிலை, நாலைந்து குவார்ட்டர்ஸ், ஒரு மாட்டுக்கொட்டில். கோடையில் தண்ணீர் வற்றினால் நடந்தே கரைக்குப் போய்விடலாம். மழை பிடித்துவிட்டால் மாசி வரைக்கும் வள்ளம் என்கிற சின்னப் படகுதான். அதைத் துழாவுகிற மலையாளத்துக்காரரை எல்லோரும் சேட்டன் என்றே கூப்பிட்டோம்.

தீவு என்ற சொல்லை ஊரில் கொண்டுபோய்ப் போட்டது என் கணவர். திருநெல்வேலிப் பக்கம் அவருடைய அக்காள் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க வீட்டைச் சுத்தி நாலு பக்கமும் தண்ணி அத்தான், தீவுன்னே சொல்லலாம்" என்று அக்காள் புருஷனிடம் சொல்லிவிட்டார். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். பலசரக்குக் கடைக்காரர். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "என் மச்சினன் தீவுல இருக்கான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். சிலோனா, அந்தமானா என்று கேட்டவர்களுக்கு, "அதெல்லாம் பழசு" என்று பதில் சொன்னாராம். இவ்வளவு சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு புரட்டாசியில் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் மனைவியான என் மதினியையும் கூட்டிக்கொண்டு, போடி வழியாக பஸ் மாறி மாறி வந்து இறங்கினார். இரண்டு மூன்று நாள் தங்குவதாகத்தான் பேச்சு.

நாங்கள் கரைக்குப் போய் எதிர்கொண்டோம். தூறல். அண்ணாச்சி வெள்ளை மல் ஜிப்பாவில், ஒரு கையில் குடையும் மறு கையில் மூக்குப்பொடி மட்டையுமாக நின்று வள்ளத்தைப் பார்த்தார்.

"பாலம் ஒண்ணும் கிடையாதா மாப்ள?"

"பாலம் இருந்தா அது தீவு இல்லியே அத்தான்" என்றார் என் கணவர்.

அண்ணாச்சி ஏறி நட்டநடுவில் உட்கார்ந்தார். குடையை மடக்கவில்லை. பாதி வழியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். சேட்டன் அதைப் பார்த்துவிட்டு, "பேடிக்கண்டா சாரே, வெள்ளம் சாந்தமாணு" என்றார். பயப்பட வேண்டாம், தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கிறது என்றுதான் சொன்னார்; மலையாளத்தில் வெள்ளம் என்றால் சாதாரணத் தண்ணீர். அண்ணாச்சிக்கு அது தெரியாது.

"வெள்ளமா? எங்க வெள்ளம் வருது?" என்று அவர் எழுந்து நிற்க, வள்ளம் ஒரு ஆட்டம் ஆடியது. குடை தண்ணீரில் விழுந்து, தலைகீழாக மிதந்துகொண்டு தனியாகப் போனது. சேட்டன் துடுப்பால் அதை இழுத்துக் கொடுத்தார். மதினி கருப்பட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையேறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னளா, தீவுன்னாவ, ஒரு தென்னமரத்தையும் காணோம்?"

தென்னைமரம் இல்லை. கடல் இல்லை. மூடுபனியும் அட்டையும்தான் இருந்தன. சாயங்காலத்துக்குள் அண்ணாச்சியின் கணுக்காலில் ஓர் அட்டை ஏறி, மல் வேட்டியில் ரத்தம் பட்டு, எஸ்டேட்டில் என் கணவருக்குக் கொடுத்த கம்பளிக்குள் அவர் அடங்கிவிட்டார். மதினி அடுப்புப் பக்கம் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

கிளம்ப வேண்டிய நாள் வந்தது. அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தார்.

"இன்னைக்குக் கிழக்க சூலம். கரை கிழக்கதானே இருக்கு?"

மறுநாள் அஷ்டமி. அதற்கு மறுநாள் நவமி. தசமி நல்ல நாள்தானே என்று நான் விடியற்காலையிலேயே எழுந்து கட்டுச்சோறு கட்டினேன். அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, வாசலில் நின்று ஒரு சிட்டிகை பொடி போட்டார். தும்மல் வந்தது. தன் பொடிக்குத் தானே தும்மிவிட்டு, "சகுனம் சரியில்ல" என்று உள்ளே வந்துவிட்டார். கட்டுச்சோற்றை நாலு பேருமாக வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பிறகு கணக்கே இல்லை. பொழுது போகாமல் என் அடுக்களை டப்பாக்களை எல்லாம் இறக்கி, கடையில் அடுக்குவதைப்போல உயரவாரியாக அடுக்கினார். "தங்கச்சி, பருப்புக்குப் பக்கத்துல புளி இருக்கப்படாது" என்று எனக்கு வகுப்பு எடுத்தார். எனக்கு உப்பு எங்கே, மிளகாய் எங்கே என்று அவரைக் கேட்டால்தான் தெரியும் என்றாகிவிட்டது. என் கணவர் தினமும் வள்ளத்தில் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்தார். "அத்தானுக்கு இந்த இடம் அவ்வளவு பிடிச்சுப்போச்சு" என்று பெருமை வேறு.

ஒருநாள் காலையில் விறகு பொறுக்கப் போனவள், தேயிலைச் செடிகளுக்கு மேலாகத் துறையைப் பார்த்தேன். கட்டிப்போட்ட வள்ளத்தின் பக்கம் அண்ணாச்சி தனியாக நின்றுகொண்டிருந்தார். வலது காலை எடுத்து வள்ளத்தில் வைத்தார். அது கொஞ்சம் அசைந்தது. காலை எடுத்துவிட்டார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இடது காலை வைத்துப் பார்த்தார். அதையும் எடுத்துவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

ஓடிப்போய் மதினியிடம் சொன்னேன். அவள் அவித்த கப்பைக்கிழங்கை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதாளா? தாமிரபரணிக் கரையில பொறந்துட்டு, முட்டளவு தண்ணியில நின்னு செம்பால மோந்து குளிக்கிற மனுசன்."

"அப்ப நீங்க ஒரு வார்த்தை தைரியம் சொல்லப்படாதா மதினி?"

"நான் எதுக்குச் சொல்லணும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கடை ஆளுகளுக்கும் சேத்து உலை வைக்கேன். தீட்டு நாள்ல கூட அடுப்பு அணைஞ்சதில்ல. இங்க நீ பொங்கிப் போடுத, நான் உக்காந்து திங்கேன். பயம் தெளியும்போது தெளியட்டும்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவள் விடுமுறை என் அடுப்பில் அல்லவா வெந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவள் அந்தக் கிழங்கை அவசரமே இல்லாமல், தோல் தோலாக உரித்துத் தின்ற விதம் என்னை என்னவோ செய்தது. சாப்பிடுகிறபோது அவளை யாரும் எழுப்பாமல் இருந்த நாள் எத்தனை இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நானே, "அண்ணாச்சி, இன்னைக்கு எந்தப் பக்கம் சூலம்?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

கடைசியில் அவரைக் கிளப்பியது பொடி. மட்டை காலியானது. அந்தப் பக்கத்துக் கடைகளில் பீடி கிடைக்கும், வெற்றிலைப் புகையிலை கிடைக்கும். மூக்குப்பொடி போடுகிற ஆளே அங்கே கிடையாது. என் கணவர் வாங்கி வந்த புகையிலையைக் காயவைத்து இடித்து உறிஞ்சிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, தும்மல் வரவில்லை. பிறகு என் டஸ்ட் தேயிலையை அம்மியில் நுணுக்கிப் போட்டுப் பார்த்தார். மூக்கு கறுத்துப்போய் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள், "சூலமாவது ஒண்ணாவது, கிளம்பு" என்றார்.

வள்ளத்தின் அடிப்பலகையில் நீட்டிப் படுத்துக்கொண்டார். தலை மதினி மடியில், முகத்தின்மேல் துண்டு. துண்டுக்குள்ளிருந்து முருகா, முருகா என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. சேட்டன் இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. கரை தட்டியதும் அண்ணாச்சி எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, திரும்பித் தண்ணீரைப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? வரும்போது பெருசாத் தெரிஞ்சிது."

கார்த்திகையில் ஒருநாள் சேட்டனின் வள்ளத்தில் மதினி மட்டும் வந்து இறங்கினாள். கையில் ஒரு மஞ்சள் பை.

"அண்ணாச்சி வரலியா?"

"கடையில இருக்காவ."

"சொல்லிட்டுத்தானே வந்தீய?"

"சொன்னேன். தூங்கும்போது சொன்னேன்."

அந்த வாரக் கடைசியில் அண்ணாச்சி எதிர்க்கரையில் வந்து நின்றார். கையைக் குவித்துக் கூப்பிட்டார். மதினி வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மதினி, அண்ணாச்சி கூப்பிடுதாவ" என்றேன். "காத்து அந்தப் பக்கமா அடிக்கி, ஒண்ணும் விளங்கல" என்றாள். சேட்டன் வள்ளத்தைக் கொண்டுபோய் அவர் காலடியில் நிறுத்தினார். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். என் கணவர்தான் தூக்குச்சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார். அண்ணாச்சி ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவது இங்கிருந்தே தெரிந்தது.

மதினி உரிப்பதை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரசம் ஊத்திக் குடுத்தியாளா? ரசம் இல்லாட்டி அவியளுக்கு எறங்காது."

ஊற்றிக் கொடுத்தேன் என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.