தலைவர் மைக்கைப் பிடித்த பிடி

மைக்செட்காரரின் வயிற்றெரிச்சலை மூடிமறைத்துப் புண்ணியமில்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம். கட்டிய மனைவியை எவனாவது பார்த்துச் சிரித்திருந்தால்கூட மனிதர் இவ்வளவு புகைந்திருக்க மாட்டார்.

அவர் வீட்டு முன்னறை முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள். பிள்ளைகள் ஆம்ப்ளிஃபயர் மேல் நோட்டை வைத்து எழுதித்தான் பள்ளிக்கூடத்தை முடித்தார்கள். கல்யாணம், கடைதிறப்பு, இரங்கல் கூட்டம் என்று எதற்கும் போவார். ஆனால் உயிரெல்லாம் தலைவரின் கூட்டத்தில்தான். தலைவர் முதல் தேர்தலில் மண்ணைக் கவ்விய நாளிலிருந்து சட்டசபைக்குப் போன நாள்வரை இவருடைய மைக்கில்தான் பேசினார். மேடையேறியதும், "அண்ணே, சத்தம் போதுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கட்சியில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருக்க, அந்த 'அண்ணே' தனக்கு மட்டும்தான் என்று மைக்செட்காரருக்குத் தலைகால் புரியாது.

அவர் ஒன்றைக் கண்டுபிடித்தும் வைத்திருந்தார். மேலிடம் சொல்லச் சொன்னதைச் சொல்லும்போது தலைவர் மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மனதிலிருந்து பேச்சு வந்தால் கையை விரித்து ஆட்டியபடி பின்னால் போய்விடுவார். சத்தம் குறையும், இவர் குமிழைத் திருப்பி ஏற்றுவார். தலைவரின் மனசு தன் விரல் நுனியில் இருக்கிறது என்று நம்பினார். இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்ட தலைவர் ஒருநாள் காலை எதிர்க்கட்சிக் கொடியின் கீழ் நின்று டிவியில் சிரித்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சலூனில் கத்தரிக்கோலைவிட வாய்கள்தான் வேகமாக ஓடின.

"மிரட்டியிருப்பாங்கய்யா. பழைய வழக்கு எதையாவது தூசி தட்டியிருப்பாங்க."

"போய்யா! ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி வேணும்னு மேலிடத்துல கேட்டுக் கேட்டு மனுஷன் அலுத்துப்போயிட்டாரு. மனசு வெறுத்துத்தான் போனாரு."

"மிரட்டல்தான்!" என்று பாதி முகத்தில் நுரையோடு மைக்செட்காரர் கத்தினார். மிரட்டி இழுத்துக்கொண்டு போயிருந்தால், தன்னை விட்டுப் போனதும் தலைவரின் விருப்பம் இல்லை. மனசோடு போயிருந்தால்? அந்தப் பக்கம் அவர் நினைப்பை ஓடவே விடவில்லை.

புதுக் கட்சிக்கென்று ஒரு மைக்செட்காரன் இருந்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் அவனுக்கு 'ரிமோட்டு' என்று பெயர். அவன் பெயரைக் கேட்டாலே இவருக்குச் சோறு இறங்காது.

மனைவி ஒருநாள் கேட்டேவிட்டாள்: "ஏங்க, அவர் கட்சி மாறினது உங்களுக்கு வருத்தமா, மைக்கு மாறினது வருத்தமா?"

"வாயை மூடிட்டுச் சோத்தைப் போடு."

புதுக் கட்சியில் தலைவரின் முதல் கூட்டத்துக்குப் போய் ஓரமாக நின்றார். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, போனைத் தடவிக்கொண்டிருந்தான் ரிமோட்டு. தலைவர் மேடையேறினார். ரிமோட்டைப் பார்த்து, "தம்பி, சத்தம் போதுமா?" என்றார். மைக்செட்காரருக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இருந்தது.

ஆனால் பேச ஆரம்பித்ததும் தலைவர் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்தார். கடைசிவரை விடவே இல்லை. மைக்செட்காரர் வயிற்றில் பால் வார்த்ததுபோல ஆனது. பாவம், கட்டாயப்படுத்தித்தான் பேச வைக்கிறார்கள்! அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

மறுநாளே தலைவர் வீட்டுக்குப் போனார். கூடத்தில் தலைவர் கனத்த மரநாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே!"

"எனக்குத் தெரியும் தலைவரே. உங்களை மிரட்டிட்டாங்க. நேத்து மைக்கை நீங்க பிடிச்ச பிடியிலயே புரிஞ்சுபோச்சு." இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அப்படியே கொட்டினார்.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ அண்ணே! அந்தப் பையன் ஸ்க்ரூவே முடுக்கல. ஸ்டாண்டு தலையை ஆட்டிக்கிட்டே நின்னுச்சு. விட்டா முன்வரிசை மேல விழுந்திருக்கும், அதான் பிடிச்சேன்." பிறகு இரண்டு கையையும் அகல விரித்தார். "என்னை யாரும் மிரட்டல. நானேதான் போய்க் கதவைத் தட்டினேன். ஊருக்கு ஆஸ்பத்திரி வரணும்ணே. இவங்க கட்டுவாங்கன்னு நம்புறேன்."

கைகள் காற்றில் அந்த ஆஸ்பத்திரியையே கட்டிக்கொண்டிருந்தன. மைக்செட்காரருக்குப் பழைய நினைப்பில் விரல் தானாகக் குமிழைத் தேடியது. ரிமோட்டு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதவன் என்ற சந்தோஷம்கூட நிற்கவில்லை.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். வாய் கேட்டுவிட்டது.

"அப்போ என்னைய? என் மைக்கு வேணாம்னு அவங்க சொன்னாங்களா, நீங்களா..."

தலைவர் சிரிப்பு நின்றது. "சேச்சே, நானா சொல்வேன்? அவங்கதாண்ணே. அவங்க ஆளைத்தான் வைக்கணும்னு ஒரே கட்டாயம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

மைக்செட்காரர் தலைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். இரண்டும் நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்திருந்தன.

நல்ல தேக்கு நாற்காலி. கொஞ்சமும் ஆடவில்லை.

"சரிங்க தலைவரே" என்று எழுந்தார். "அந்தப் பையன்கிட்ட ஸ்க்ரூவை முடுக்கச் சொல்லுங்க."