ஆறு மணி நேரம் பின்தங்கிய கணினிகள்

விடிந்து மூன்று மணி ஆகியிருந்தது. பாஹிர் தார் மண் ஆய்வு அலுவலகத்தின் வரைபட அறையில் யெஷி முதல் கோப்பைக் காபியை எடுத்தபோது செய்தி வந்தது. சர்வரைப் பார்த்துக்கொண்ட திகாபு தூக்கத்திலேயே போய்விட்டான். நாற்பத்தொரு வயது.

அவளுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. 'சர்வர் பராமரிப்பில் அலட்சியம்' என்ற எச்சரிக்கைக் கடிதம் அவனுடைய பணிப்பதிவேட்டில் இன்னும் அப்படியே இருந்தது. அலட்சியமாம்! தட்டச்சுக்காரனாக வந்து, கையேடுகளைப் படித்தே தொழில் கற்றவன். விரத நாளிலும் மற்ற நாளிலும் மதியத்துக்கு ஷிரோ என்ற கடலைமாவுக் குழம்பைத் தவிர வேறு எதையும் தொடாமல், சர்வர் பக்கத்திலேயே பதினேழு வருடம் உட்கார்ந்திருந்தவன்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு வரைபடம் திறக்க இருபது நிமிடம் ஆனது. "சர்வரும் தூங்குது, ஆளும் தூங்குறான்" என்றார் இயக்குநர் தெமெலாஷ்; மரியாதைக்கு எல்லோரும் அவரை அத்தோ என்பார்கள். கடிதம் அன்றே வந்தது.

திகாபு சர்வர் முன் உட்கார்ந்தான். அதே வரைபடத்தைச் சர்வரிலேயே திறந்தான், கண்ணிமைப்பதற்குள் வந்தது. கம்பி வழியே பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினான், தங்குதடையின்றிப் போனது.

"சர்வருக்கும் நோவில்ல, கம்பிக்கும் நோவில்ல யெஷி. கேக்குறவங்ககிட்டதான் கோளாறு."

"எங்களயா சொல்றே? நாங்க என்னடா பண்ணோம்?"

"ஏரிக்கரை வரைபடத் தாள உன் கணினி மதியத்துக்குள்ள நாப்பது தடவ கேட்டிருக்கு. அதுக்குப் பேராசை பிடிச்சிருக்கு."

மூன்றாம் நாள் கோளாறைப் பிடித்துவிட்டான். சர்வரிடம் வாங்கிய நகலின் மேல் ஒவ்வொரு கணினியும் தன் மணியைக் குறித்துக்கொள்ளும். சர்வரில் இருப்பது அதைவிடப் புதிதென்றால் மறுபடி முழுவதையும் வாங்கும். "சுவத்துக் கடிகாரத்துல மூணு, கணினியில ஒம்பதா? எந்த நாட்டு மணி இது? மாத்துங்கய்யா!" என்று கத்தி, வரைபட அறைக் கணினிகளை மட்டும் விடியலிலிருந்து எண்ணும் உள்ளூர் மணிக்கு மாற்றவைத்தவர் தெமெலாஷ். திகாபுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சர்வர் ஒன்பதிலேயே, அவற்றைவிட ஆறு மணி நேரம் முன்னால் இருந்தது. காலையில் திருத்திய தாள் எல்லாம் அந்தக் கணினிகளுக்கு எப்போதும் புதிதாகவே தெரிந்தது.

அவன் மணிகளைச் சரிசெய்து, தெமெலாஷிடம் காரணத்தையும் சொன்னான். அன்றே வேகம் திரும்பியது. கடிதத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

துக்கக் கூடாரத்தில் தெமெலாஷ் எழுந்து, "எங்க அலுவலகத்தோட தூண் சாஞ்சிருச்சு" என்றார்.

யெஷியால் பொறுக்க முடியவில்லை. "தூணுக்குக் குடுத்த கடிதாசிய எப்ப எடுக்கப்போறீங்க, அத்தோ?"

"சாவு வீட்டுல பேசுற பேச்சாம்மா இது?"

"உசுரோட இருக்கும்போது அவன் பேசினானே. காதுல வாங்குனீங்களா?"

"எழுத்துல ஒரு வரி குடுத்திருந்தா எடுத்திருப்பேன். குடுக்கலையே."

அவள் நேராக அலுவலகம் வந்து அவனுடைய கணினியைத் திறந்தாள். எச்சரிக்கைக் கடிதத்துக்கு அவன் எழுதிவைத்த பதில் இருந்தது. நான்கு பக்கம். சர்வரில் அளந்தது, கம்பியில் அளந்தது, எந்தக் கணினி எத்தனை தடவை கேட்டது, மணியை மாற்றச் சொன்னது யார், எல்லாம். முடிவில் அவன் பெயர். அதன் மேல் தேதி போட விட்டிருந்த இடம் காலியாக இருந்தது.