கூண்டுக்கு வெளியே ஒரு ஜோடிச் செருப்பு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழிக் காலையில் அக்காவுடன் ஆம்பூரிலிருந்து வேலூர் கோர்ட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பாலாற்றின் மேல் பனி படர்ந்து அக்கரையே தெரியவில்லை. இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறோமோ என்று தோன்றியது.

அக்காவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. தோல் வெட்டும் மெஷினில் அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இரண்டு விரல் போய்விட்டது. வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று சூப்பர்வைசர்தான் கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார். வழக்கு வந்ததும், அந்தப் பெண்ணின் கவனக்குறைவு என்றார். பக்கத்தில் நின்று பார்த்தவள் அக்கா.

"தடுப்பு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்று சூப்பர்வைசர் அவளிடம் சொல்லியிருந்தார். என் காலேஜ் உட்பட, எங்கள் வீடு ஓடியதே அந்த வேலையில்தான்.

வீட்டில் முதலில் படித்தவன் என்ற மிடுக்கில் நான் பஸ்ஸில் சட்டம் பேசினேன். கோர்ட்டில் பொய்ச் சாட்சி சொன்னால் ஏழு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. பொய்யால் விளைந்த கெடுதலைப் பார்த்து நீதிபதி தண்டனையைக் கூட்டுவார், குறைப்பார் என்றேன்.

"ஏழு வருஷமா? அப்போ உன் கல்யாணத்துக்கு ஜெயில்லேர்ந்துதான் வரணும். எனக்கு ஒரு இலை போட்டு வைடா" என்று சிரித்தாள்.

கோர்ட்டில் டவாலி அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். சாட்சிக் கூண்டில் ஏறும் முன், கோயில் வாசலில் விடுவதுபோல, அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"செருப்பு போட்டுக்கலாம்மா" என்றார் நீதிபதி.

"இருக்கட்டும் சார். சத்தியம் பண்ணச் சொல்றீங்க. செருப்புக் காலோட எப்படி?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மின்விசிறி மெல்லச் சுற்றியது. ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தது. சத்தியம் முடிந்து, தடுப்பைப் பற்றிக் கேட்டார்கள். அக்கா குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல எனக்குக் காது அடைத்தது.

"இல்ல சார். கழட்டி மூலையில சாத்தி வெச்சிருந்தாங்க."

வெளியே செருப்பை மாட்டும்போது கேட்டேன். "ஜெயிலுக்குப் பயந்துட்டியாக்கா?"

"போடா. செருப்பக் கழட்டினப்புறம் பொய் வாய்ல வர்ல."

சூப்பர்வைசருக்குத் தண்டனை கிடைத்தது. அக்காவுக்கு வேலை போனது. வேறு கம்பெனி கிடைக்கும்வரை வீடு திண்டாடியது. இன்றும் எங்காவது 'மேற்சொன்னவை உண்மை' என்று கையெழுத்துப் போட நேர்ந்தால், மேசைக்கடியில் என் கால் தானாகச் செருப்பை விட்டு வெளியே வந்து, வெறுந்தரையைத் தொட்ட பிறகுதான் பேனா நகர்கிறது.