மாப்பிள்ளைக்கு ஒரு சட்டை

விளைந்த காட்டை ஒரே இரவில் உழுதுபோட்டது போல் ஆக்கிவிடும் காட்டுப்பன்றிகளை நாய் விட்டுப் பிடித்துக் கொடுப்பது வேட்டைக்காரரின் பிழைப்பு. அவர் மனைவிக்குக் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை. கல்யாணமான புதிதில் அவர் ஒரு கூட்டம் நாய்களை மொத்தமாக அவிழ்த்துவிட்டு, குரைப்புச் சத்தம் வந்த திசையில் முள்ளும் பள்ளமும் பாராமல் ஓடுவார். பன்றியின் கோரைப்பல் என்ன லேசுப்பட்டதா? கிழிபட்டு வந்த நாய்களை மனைவிதான் கடை மேஜையில் கிடத்தித் தைத்தாள். பிழைத்தது பாதி, போனது பாதி. ஒன்று போனால் இவர் சோறு தொடமாட்டார். துக்கம் ஆறுவதற்குள் அடுத்த குட்டியைத் தேடிக் கிளம்பிவிடுவார். என்ன மனுஷனோ!

இப்போது மூன்றே நாய்கள். இரண்டு மட்டும் முன்னால் போய்ப் பன்றியை மடக்கி நின்று குரைக்கும். கழுத்துப்பட்டையில் இருக்கும் கருவி, அவை நிற்கும் இடத்தை இவர் கையிலுள்ள திரையில் காட்டிவிடும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான், பாய்ந்து காதைக் கவ்வும் மூன்றாவதை அவிழ்ப்பார். அதற்கு வீட்டில் மாப்பிள்ளை என்று பெயர். தட்டைத் தேடிக்கொண்டு அது போகாது. தட்டு அதைத் தேடி வர வேண்டும்.

இத்தனை மாறியவர் ஒன்றில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. நாய்க்குச் சட்டை கூடாதாம், வேகம் குறையுமாம். மனைவி பழைய சீட் பெல்ட்டுகளை அடுக்கடுக்காக வைத்து மாப்பிள்ளைக்கு ஒரு மார்புச் சட்டை தைத்துக் கொடுத்தாள். அவள் முன்னால் மாட்டுவார், தெருமுனை தாண்டியதும் கழற்றி வண்டிக்குள் எறிவார். சட்டையில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லாததைப் பார்த்து அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அடுத்த வேட்டைக்கு அவளே சட்டையை மாட்டினாள். காட்டோரம் வந்து கழற்றப் பார்த்த வேட்டைக்காரர் திகைத்துப் போனார். கழற்றும் பக்கிளைக் காணோம், நாய்க்குப் போட்டபடியே வயிற்றடியில் சட்டையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்திருந்தாள். இடுப்பில் கத்தி இருந்தது, அறுக்க நொடி ஆகாது. ஆனால் பன்றிக்கு அஞ்சாதவருக்கு அந்தத் தையலில் கை வைக்கத் தைரியம் வரவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அப்படியே அவிழ்த்துவிட்டார்.

அன்று சிக்கியது கிழட்டு ஆண் பன்றி. மாப்பிள்ளையை நெஞ்சில் குத்தி மேலே தூக்கி எறிந்தது. இவருக்கு உயிரே போய்விட்டது. பன்றி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு நாயிடம் ஓடினார், சட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். ஈரம் இல்லை. பெல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து, கடைசி ஒன்று மட்டும் தாங்கியிருந்தது.

நாயைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. மேஜையில் கிடந்ததை ஒதுக்கிவிட்டு ஊசியை எடுத்தாள்.

"ஊசி வேணாம், கத்திரிக்கோல் போதும்" என்றார்.

அவள் தையலைப் பிரித்தாள். உள்ளே கீறல் இல்லை. மாப்பிள்ளை எழுந்து நின்று உடம்பை உதறியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியறியாத மனுஷன், அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உன் கை நல்லா இருக்கணும்மா. மத்த ரெண்டுக்கும் தைச்சுக் குடு. நானே போட்டு விடுறேன்."